வளையல் நிற்காத கை

ஜூலை 20, ஞாயிறு

சுதந்திர தினப் பேச்சுப் போட்டிக்குத் தமிழம்மா தலைப்புக் கொடுத்துவிட்டார்: 'பண்பாட்டுச் சின்னங்களின் பாதுகாப்பு: இன்றைய சவால்களும் நாளைய பாதைகளும்.' வெள்ளிக்கிழமை அவர் அதைப் பலகையில் எழுதி முடிப்பதற்குள் வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது. என் அம்மாவுக்கு அதுதானே வேலை. "வான்மதி வீட்டுலயே முதல் பரிசு உக்காந்திருக்கு" என்றாள் ஷமீமா. அவள் எங்கள் மாடி வீட்டில் இருக்கிறாள். எதையும் சத்தமாகத்தான் சொல்வாள்.

காவல் இல்லாத கிராமத்துக் கோயில்களின் செப்புத் திருமேனிகளை எல்லாம் எங்கள் ஊரில் ஒரு பாதுகாப்பு மையத்தில் வைத்திருக்கிறார்கள். இரும்புக் கதவு, துப்பாக்கியோடு போலீஸ். திருவிழா என்றால் மட்டும் அந்தந்த ஊர்ச் சாமி அந்தந்த ஊருக்குப் போலீஸ் வண்டியில் போய்விட்டுத் திரும்பி வரும். அங்கே செம்பு கெடாமல் பார்த்துக்கொள்வது அம்மாவின் வேலை. அறை அறையாகச் சாமிகள் இருக்க, பார்த்துக்கொள்ள அம்மா ஒருத்திதான். அதுவும் ஒப்பந்த வேலை. ஒவ்வொரு செப்டம்பரிலும் புதுப்பிக்க வேண்டும்.

இன்று அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தபோது கேட்டேன். "அம்மா, உங்க தொழில்ல இன்றைய சவால் என்ன?"

"ஏசி. எழுதிக்கோ."

"நாளைய பாதை?"

"ஏசி மெக்கானிக் வர்ற பாதை."

நான் விளையாடவில்லை என்றேன். "நானும் விளையாடலடி" என்றாள்.

சிங்கப்பூரிலிருந்து அப்பா பேசினார். வழக்கம்போல, "அந்த வேலையை விட்டுத் தொலைன்னா கேக்க மாட்டேங்கறா உங்கம்மா." அம்மா அடுப்படியிலிருந்தே, "சாம்பார் கொதிக்குதுன்னு சொல்லு" என்றாள்.

ஒரு சின்ன விஷயம். ஷமீமா புதுச் செருப்பு வாங்கினாள். பெட்டிக்குள் 'தின்னக்கூடாது' என்று அச்சடித்த ஒரு குட்டிப் பொட்டலம் இருக்குமே, அதை அம்மா கேட்டு வாங்கிக்கொண்டாள். எதற்கு என்று சொல்லவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

ஃப்ரிட்ஜில் காய்கறித் தட்டுக்குக் கீழே ஓர் ஐஸ்கிரீம் டப்பா. மூடியைச் சுற்றிலும் டேப் ஒட்டியிருக்கிறது. மேலே அம்மாவின் கையெழுத்தில் 'தொடாதே'.

ஐஸ்கிரீம் என்றால் ஏன் கீழ்த்தட்டில் இருக்க வேண்டும்?

ஜூலை 23, புதன்

என் கைக்குழந்தைக் காலத்துக் கண்ணாடி வளையல்கள் பீரோவில் ஒரு பவுடர் டப்பாவுக்குள் இருக்கும். பச்சையும் சிவப்பும். இன்று வரலாற்றுப் பாடத்துக்குப் பழைய படம் தேடியபோது டப்பாவைத் திறந்தேன். ஒரே ஒரு பச்சை வளையல்தான் கிடந்தது. அம்மாவிடம் கேட்டேன்.

"உடைஞ்சிருக்கும்."

"பீரோவுக்குள்ள எப்படி உடையும்?"

"வான்மதி, கணக்கு ஹோம்வொர்க் முடிச்சியா?"

கேள்விக்குக் கேள்வியே பதில் என்றால் பதிலில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். நான் படித்த எல்லாத் துப்பறியும் கதையிலும் அப்படித்தான்.

ஜூலை 25, வெள்ளி

நூலகத்தில் பழைய செய்தித்தாள் கட்டுகளைப் புரட்டினேன், பேச்சுக்காக. சிலை திருட்டு வழக்குகள் நிறைய. ஒன்றில், கோயிலுக்கு உள்ளே வேலை செய்தவர்களே அசலை எடுத்துவிட்டு அதே அச்சில் செய்த போலியை வைத்திருக்கிறார்கள். பல வருடம் யாரும் கண்டுபிடிக்கவில்லை. மாலையும் பட்டும் சாத்தியிருந்தால் உள்ளே எது இருந்தாலும் ஒன்றுபோலத்தானே தெரியும்.

அம்மாவைப் பற்றி அப்படி நினைக்கவில்லை. பொதுவாகத்தான் எழுதுகிறேன்.

ஆனால் அம்மாவின் நக இடுக்கில் இந்த மாதம் முழுக்க ஒரு வெளிர்ப் பச்சை. ஃபோன் வந்தால் மொட்டை மாடிக்குப் போய்விடுகிறாள். இன்று படிக்கட்டில் காதில் விழுந்தது: "இல்ல சார், சொல்லிட்டா பரவால்லன்னு தோணுது... சரி சார்... சரி." அது அவளுடைய அதிகாரி, காப்பாட்சியர் கதிரேசன் சார்.

இன்னொன்று. வீட்டில் இந்த மாதம் மீன் வாங்கவே இல்லை. அம்மா ஆடி விரதமெல்லாம் இருப்பவள் இல்லை. வெள்ளிக்கிழமைகூட நெத்திலி வறுப்பவள். கேட்டால், "விலை" என்கிறாள்.

ஜூலை 26, சனி

அம்மா குளிக்கப் போனதும் டப்பாவை எடுத்தேன். டேப்பைப் பிரிக்கவில்லை. குலுக்கவும் இல்லை, லேசாகச் சாய்த்துப் பார்த்தேன். உள்ளே கண்ணாடிக் குப்பிகள் உரசும் சத்தம். மூடியின் ஓரத்தில் மூக்கை வைத்தேன். சந்தனம், எரிந்த திரி, பழைய எண்ணெய். கோயில் வாசனை.

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் தோசை மாவுக்குக் கீழே கோயில் வாசனை.

திங்கட்கிழமை ஆடிப்பூரம். தென்பாதிமங்கலத்து மலர்க்கண்ணியம்மன் மையத்திலிருந்து ஊருக்குப் போகிறாள். அம்மாதான் கூடப் போகும் அலுவலர். நானும் வருகிறேன் என்றேன். பள்ளிக்கூடம், வெயில், கூட்டம் என்று வரிசையாக மறுத்தாள். "பேச்சுப் போட்டிக்கு நேர்ல பார்க்கணும்" என்றதும் சம்மதித்துவிட்டாள். உண்மையில் நான் எதைப் பார்க்கப் போகிறேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.

ஜூலை 28, திங்கள்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

வேனில் அம்மன் பருத்திப் போர்வைக்குள் படுத்திருந்தாள். பீடத்தோடு சேர்த்தாலும் என் இடுப்பு உயரம் வரமாட்டாள். அம்மா வழியெல்லாம் ஒரு கையைப் போர்வை மேலேயே வைத்திருந்தாள், காய்ச்சல் பிள்ளையைக் கூட்டிப் போவதுபோல.

தென்பாதிமங்கலத்தில் மேளம், வெடி. ஆடிப்பூரத்தன்று அங்கே அம்மனுக்கு வளைகாப்பு. கைக்குழந்தைக்குப் போடும் அளவில் கண்ணாடி வளையல் வாங்கி வருகிறார்கள். அம்மனின் வலது கை மடங்கி, பூப் பிடித்த மாதிரி இருக்கிறது. அதில் வளையல் போட்டால் நிற்கும், அதிசயம் இல்லை. இடது கை யானைத் துதிக்கை மாதிரி கீழே தொங்குகிறது. அதில் வளையலைக் கீழிருந்து மேலே ஏற்றி விட்டுவிடுவார்கள். அது விழாது. மணிக்கட்டில் கவ்விக்கொண்டு நிற்கும். ஆத்தா பிடித்துக்கொள்கிறாள் என்பது ஊரின் நம்பிக்கை. அப்படி நின்ற வளையலைத்தான் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்கள் கேட்டு வாங்கிப் போவார்கள். இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் செங்கமலம் அத்தை. அங்கே வார்டு உறுப்பினர். அவர் மகளுக்கு இது ஏழாம் மாதம், அதனால் முதல் வளையல் அவர்கள் தட்டிலிருந்து.

சபேச குருக்கள் இளைஞர்தான், கண்ணாடி போட்டவர். பச்சை வளையலை எடுத்து இடது கையில் ஏற்றினார். கையை எடுத்தார்.

வளையல் வழுக்கிக்கொண்டு இறங்கிக் கருங்கல்லில் விழுந்து தெறித்தது.

மேளம் நின்றுவிட்டது. "கை வழுக்கிருச்சு" என்றார் குருக்கள். இரண்டாவது வளையல். அதுவும் விழுந்தது. மூன்றாவதை அவர் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தார், எடுக்கப் பயந்து. எடுத்தார்.

செங்கமலம் அத்தையின் மகள் வயிற்றில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கூட்டத்தில் யாரோ சொன்னார்கள்: "இது நம்ம ஆத்தா இல்ல."

பிறகு எல்லோரும் சொன்னார்கள். "நிறத்தைப் பாரு, என்னமோ கடைச் சிலையாட்டம்." "மூணு வருசமா உள்ள வச்சிருந்தானுவளே, எதுக்கு?" "மாத்திட்டானுவ!"

செங்கமலம் அத்தை அம்மாவின் முன்னால் வந்து நின்றார். "ஏம்மா, நீதானே அங்க பாத்துக்கிறவ? எங்க ஆத்தா எங்க?"

"இதுதாங்க உங்க அம்மன்."

"அப்ப ஏன் புடிக்கல?"

அம்மா வாயைத் திறந்தாள். பக்கத்தில் கதிரேசன் சார் தொண்டையைக் கனைத்தார். அம்மா வாயை மூடிக்கொண்டாள். நான் பார்த்தேன். வளையல் முதன்முறை விழுந்தபோதே அம்மாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் திடுக்கிட்டார்கள். அவள் மட்டும் கண்ணை மூடிக்கொண்டாள், விழப்போவது தெரிந்தவள் மாதிரி.

வேனை மறித்துவிட்டார்கள். தாசில்தார் வந்து, விசாரணை முடியும் வரை சிலை இங்கேயே கோயிலில் போலீஸ் காவலில் இருக்கும் என்று சொன்ன பிறகுதான் விட்டார்கள். திரும்பும்போது அம்மா ஒரே ஒரு தடவை பேசினாள்: "அந்த அறையில ஜன்னல் இல்ல. ஈரம்." யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. டிரைவர் "ஆமாங்க மேடம்" என்றார்.

ஜூலை 29, செவ்வாய்

காணாமல் போன என் வளையல்களும் அதே அளவுதான். யாரிடமும் சொல்லவில்லை.

ஜூலை 30, புதன்

செய்தித்தாளில் வந்துவிட்டது. 'அம்மன் சிலை மாற்றப்பட்டதா? பக்தர்கள் கொந்தளிப்பு.' அம்மாவின் பெயர் இல்லை. 'பெண் அலுவலர் ஒருவர்' என்று இருக்கிறது. அந்த மையத்தில் வேறு பெண் அலுவலரே கிடையாது.

மதிய உணவின்போது பின்வரிசையில் ஒருத்தி, "அவங்க வீட்டுல போய் பீரோவுக்குப் பின்னாடி பாருங்கடி, சாமி நிக்கும்" என்றாள். ஷமீமா தன் டிபன் பாக்ஸை டமால் என்று மூடினாள். "எங்க வீடு அவங்க வீட்டு மேலதான். சாமி இருந்தா எங்க வாப்பாவுக்கு முதல்ல தெரிஞ்சிருக்கும். கீழ இட்லி வெந்தாலே எங்களுக்கு மேல மணக்கும்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு அந்த டப்பா ஞாபகம் வந்தது.

கதிரேசன் சார் பேட்டியும் இருக்கிறது. "சிலைக்கு எந்தச் சிகிச்சைக்கும் நான் அனுமதி அளிக்கவில்லை."

ஆகஸ்ட் 1, வெள்ளி

இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்தார். பெண் இன்ஸ்பெக்டர், பெயர் ஜெசிந்தா. மிரட்டவே இல்லை. அது இன்னும் பயமாக இருந்தது. தண்ணீர் கேட்டார், குடித்தார், என்ன படிக்கிறேன் என்று கேட்டார். பேச்சுப் போட்டித் தலைப்பைச் சொன்னேன். "அடேங்கப்பா. நான் பேச வேண்டியதை எல்லாம் நீயே பேசிருவ போல" என்று சிரித்தார்.

பிறகு அதே சிரிப்போடு, "அம்மா ஆபீஸ்லேருந்து எதாச்சும் வீட்டுக்குக் கொண்டு வருவாங்களா கண்ணு?"

அம்மா அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். நான் "இல்லை" என்றேன். அதைத் தெளிவாகவே சொன்னேன். சொல்லும்போது நாள்காட்டியைத்தான் பார்த்தேன். இன்று என்ன கிழமை என்று பார்த்தேன். நாள்காட்டி ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது என்றால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

இன்ஸ்பெக்டர் எழுந்து, "இன்னும் கொஞ்சம் ஜில் தண்ணி எடுத்துக்கறேனே" என்று அவராகவே ஃப்ரிட்ஜைத் திறந்தார்.

டப்பாவைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துத் திறந்தார்கள். ஈரம் உறிஞ்சும் அந்தச் செருப்புப் பெட்டிப் பொட்டலங்கள் நிறைய. குப்பிகளில் பழுப்பும் மஞ்சளும் பச்சையுமாகப் பொடி. பஞ்சில் பொதிந்து தனியாக ஒன்று: வளைந்த ஓடு மாதிரி, பாதி வளையம். கருத்திருந்தது. வெளிப்பக்கம் மெல்லிய பள்ளங்கள். உள்பக்கம் குட்டிக் குட்டி முத்துகள் பதிந்த தடம்.

"இது என்னங்க?"

"அம்மன் மேல இருந்தது" என்றாள் அம்மா.

"மையத்துலேருந்து ஒரு துரும்பு வெளிய வரக்கூடாதுன்னு தெரியும்ல?"

"தெரியும்."

ஒரு தாளில் எழுதி அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு டப்பாவை எடுத்துப் போய்விட்டார்கள். நான் எதுவும் சொல்லவில்லை. அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 2, சனி

"திருடினியாம்மா?" என்று கேட்டேன்.

"நீயுமா?" என்றாள். இரண்டு தட்டுகளில் சோறு போட்டுவிட்டு, தான் சாப்பிடாமல் எழுந்து போனாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காலையில் துணி காயப்போடும்போது அம்மா தானாகவே ஆரம்பித்தாள். எனக்கு இல்லை, கொடிக்குச் சொல்வதுபோல.

எத்தனையோ தலைமுறையாக அம்மனுக்குப் பூசிய சந்தனம், மஞ்சள், எண்ணெய், திரிப்புகை எல்லாம் மணிக்கட்டில் இறுகிப் பொருக்காகிவிட்டது. அந்தப் பொருக்குதான் வளையலைக் கவ்விப் பிடித்தது. ஊருக்கு அது தெரியாது. போன மழைக்காலத்தில் அதன் ஓரத்தில் வெளிர்ப் பச்சையாக மாவு உதிர ஆரம்பித்தது. செம்பு அரிக்கிற நோய் அது. பொருக்கை எடுக்காமல் அடியில் மருந்து போட முடியாது. அனுமதி கேட்டாள். கதிரேசன் சார் ஆகட்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மணிக்கட்டில் ஊசி முனை அளவு குழி விழுந்ததும் இவளே ஆரம்பித்துவிட்டாள்.

"பொருக்கைத் தூக்கிப் போடச் சொன்னாரு. குப்பைன்னாரு. அது குப்பை இல்லடி. யாரு யாரு என்னென்ன பூசினாங்கன்னு அடுக்கடுக்கா அதுல இருக்கு. ஆய்வறையில ஏசி ஓடி வருசமாச்சு. வச்சா பூஞ்சை பிடிச்சு உதிர்ந்துரும். அதான்."

"என் வளையல்?"

"போட்டுப் பார்த்தேன். நிக்கல. உடைஞ்சுது."

"அப்ப விழும்னு உனக்குத் தெரியும்."

ஒரு சட்டையை உதறிக் காயப்போட்டாள். "ஊர்ல முன்னாடியே சொல்லிடலாம்னு சார்கிட்ட சொன்னேன். கிளறாதீங்க மேடம், செப்டம்பர் வருதுன்னாரு."

செப்டம்பர் என்றால் ஒப்பந்தம். எனக்குப் புரிந்தது.

இதை எல்லாம் நம்பலாமா என்று யோசிக்கிறேன். நேர்த்தியாக இருக்கிறது. நேர்த்தியாக இருக்கும் கதைகளைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

சென்னையிலிருந்து நிபுணர் வந்து, துப்பாக்கி மாதிரி ஒரு கருவியை அம்மன் மேல் வைத்து உலோகத்தை அளந்தாராம். பழைய செம்புதான் என்றாராம். "பழசுன்னா? எங்களதா?" என்று ஊர் கேட்டிருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க முந்தைய அளவு எதுவும் இல்லை. மையத்துக்கு வந்தபோது யாரும் அளக்கவில்லை. இருக்கும் ஒரே புகைப்படத்தில் அம்மன் பட்டுக்குள்ளும் மாலைக்குள்ளும் இருக்கிறாள், மூக்கு மட்டும் தெரிகிறது.

வெள்ளிக்கிழமை ஊரில் வைத்தே விசாரணை. அம்மாவும் வர வேண்டும்.

என் பேச்சில் இதுவரை எழுதியது எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். 'நம் முன்னோர் நமக்கு அளித்த அரும்பெரும் செல்வங்கள்' என்று தொடங்கியிருந்தேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

பள்ளிக்கூடம் போகவில்லை. அம்மா தடுக்கவும் இல்லை.

கோயில் முன்மண்டபத்தில் தாசில்தார், இன்ஸ்பெக்டர் ஜெசிந்தா, கதிரேசன் சார். எதிரே ஊர். நடுவில் மேசைமேல் அம்மன், பட்டு இல்லாமல், மாலை இல்லாமல். முதல் ஆளாக செங்கமலம் அத்தை கேட்டார். சிலையைப் பற்றியே இல்லை.

"ஏம்மா, எங்க ஆத்தா மேனில இருந்ததை ஐஸ்பெட்டில வச்சிருந்தியாமே? உங்க வீட்டுல மீனு கறியெல்லாம் திம்பீங்களா?"

"சாப்பிடுவோங்க."

கூட்டத்தில் ஒரு சத்தம் எழுந்தது. "அப்ப மீனு கூடவா வச்சிருந்த எங்க ஆத்தாவை?"

"இல்லைங்க. அது வீட்டுக்கு வந்த நாள்லேருந்து மீன் வாங்கல." அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "என் பொண்ணு கேட்டா. விலை அதிகம்னு சொல்லி வச்சேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். செங்கமலம் அத்தை என்னிடமே கேட்டார். "அப்படியா பாப்பா?"

நான் தலையாட்டினேன். ஒருவரை ஏமாற்றத் திட்டமிடுகிறவர்கள், யாரும் பார்க்காத இடத்தில் மீன் வாங்காமல் இருக்க மாட்டார்கள். இது எந்தத் துப்பறியும் கதையிலும் இல்லை.

அம்மா இன்ஸ்பெக்டரிடம் அந்தப் பொருக்கு ஓட்டைக் கேட்டாள். அவர் தாசில்தாரைப் பார்த்தார். பிறகு டப்பாவைத் திறந்து கொடுத்தார். அம்மா இரண்டு விரலால் அதை எடுத்து அம்மனின் இடது மணிக்கட்டில் வைத்தாள். மணிக்கட்டில் செம்பிலேயே வார்த்த முத்து வளை ஒன்று உண்டு. ஓட்டின் உள்தடத்தில் அந்த முத்துகள் ஒவ்வொன்றாகப் போய் உட்கார்ந்தன. பசை இல்லை, ஒன்றும் இல்லை. டிபன் டப்பாவுக்கு அதன் மூடி பொருந்துவதுபோலப் பொருந்தியது.

"ஒரு வளையல் குடுங்க."

செங்கமலம் அத்தையின் மகள்தான் கொடுத்தாள். தன் பையில் வைத்திருந்தாள். குருக்கள் ஏற்றினார். கையை எடுத்தார்.

நின்றது.

ஒரு பெண் குலவையிட்டாள், பிறகு எல்லோரும். குருக்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "அப்படியே ஒட்டிடுங்கம்மா" என்றார் ஒரு பெரியவர். "அது போதும் எங்களுக்கு."

இங்கே அம்மா சும்மா இருந்திருந்தால் எல்லாம் நல்லபடி முடிந்திருக்கும். கதிரேசன் சார்கூடச் சிரிக்க ஆரம்பித்திருந்தார்.

"ஒட்ட முடியாதுங்க" என்றாள் அம்மா. "மறுபடியும் அரிக்கும்."

செங்கமலம் அத்தைக்குக் கோபம். "நாங்க பூசின சந்தனமா எங்க ஆத்தாவை அரிச்சுச்சு? எங்க பாட்டன் காலத்துலேருந்து பூசறோமே, அப்ப அரிக்கலயே?"

அம்மா கதிரேசன் சாரைப் பார்த்தாள். அவர் மெல்லத் தலையை இடவலமாக ஆட்டினார். இந்தத் தடவை அவள் வாயை மூடிக்கொள்ளவில்லை.

"உங்க சந்தனம் இல்லைங்க. இங்க காத்தும் வெளிச்சமும் பட்டு இருந்தா. தினம் துடைச்சீங்க. எங்க வைப்பறையில காத்தாடி இல்ல, ஏசி ஓடல, சுவர்ல தண்ணி இறங்குது. அங்க வந்தப்புறம்தான் பச்சை பூத்துச்சு. பொருக்கை எடுத்தது நான். எடுக்கறதுக்கு முன்னாடி உங்களைக் கேக்கல. எடுத்தப்புறமும் சொல்லல. வளையல் நிக்காதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வந்து நின்னேன்."

கதிரேசன் சார் ஃபோனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

செங்கமலம் அத்தை குனிந்து அம்மனின் மணிக்கட்டைப் பார்த்தார். பிறகு, "சொல்லியிருந்தா, கையில நூலைச் சுத்தி வளையலைப் போட்டிருப்போமேம்மா. இதுக்கா இத்தனை கலவரம்? என் பொண்ணு பத்து நாளா சரியா சாப்பிடல."

"வெள்ளை நூலா இருக்கட்டும்" என்றாள் அம்மா. "சாயம் வேண்டாம். வளைகாப்பு முடிஞ்சதும் அவுத்துருங்க."

"மஞ்சள் தடவலாமா?"

அம்மா யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். "தடவலாம். காயவச்சுட்டுச் சுத்துங்க."

குருக்கள் பூணூலுக்கு வைத்திருந்த நூல்கண்டிலிருந்து கொஞ்சம் அறுத்தார். அம்மா பொருக்கை எடுத்துப் பஞ்சில் பொதிந்துவிட்டு விலகி நின்றாள். நூல் சுற்றி, வளையல் ஏற்றினார்கள். நின்றது. பாதிப் பேர் கும்பிட்டார்கள். பாதிப் பேர் நூலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெளியே வரும்போது டீக்கடை வாசலில் ஒருவர் சொன்னார்: "சிலையையே செய்யத் தெரிஞ்சவனுக்கு, பொருக்குச் செய்யத் தெரியாதா?" அம்மாவுக்கும் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வீட்டில் மத்தி மீன் குழம்பு.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

செப்டம்பரில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்களாம். காரணம்: அனுமதியில்லாமல் சிகிச்சை செய்தது, மையத்துப் பொருளை வீட்டுக்குக் கொண்டுபோனது. இரண்டும் உண்மைதான். திருட்டு இல்லை என்று முடித்துவிட்டார்கள். அப்பா ஃபோனில் முதல்முறையாக "விட்டுத் தொலை" என்று சொல்லவில்லை. "பரவால்ல ஹேமா" என்றார். அம்மா ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். அப்பா வேலை செய்யும் இடத்துக் கிரேன் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

மையத்துக்கு ஏசி மெக்கானிக் வந்திருக்கிறாராம். டிரைவர் அண்ணன் சொன்னார்.

ஆகஸ்ட் 14, வியாழன்

பேச்சுக்குக் கடைசி வரி கிடைக்கவில்லை. அம்மாவிடம் கேட்டேன். இந்தத் தடவை அவள் விளையாட்டாகப் பேசவில்லை.

"தொடறதுக்கு முன்னாடி கேளு. தொட்டப்புறம் சொல்லு. அவ்வளவுதான் எழுது."

ஆகஸ்ட் 15, வெள்ளி

இரண்டாம் பரிசு. முதல் பரிசு 'அரும்பெரும் செல்வங்கள்' என்று தொடங்கிய பையனுக்கு. ஷமீமா, "நடுவருக்குக் காது இல்லடி" என்றாள், நடுவர் பக்கத்தில் நிற்கும்போதே.

பேசும்போது அந்தக் கடைசி வரிக்கு வந்ததும் என் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. உணர்ச்சியோடு பேசியதாகத் தமிழம்மா பாராட்டினார்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா ஃப்ரிட்ஜை அணைத்துக் கதவைத் திறந்து வைத்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். தட்டுகள் எல்லாம் வெளியே. ஐஸ் உருகித் தரையெல்லாம் தண்ணீர். பரிசுக் கோப்பையைக் காட்டினேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள். நாள்காட்டிக்குக் கீழே இருந்த அலமாரியில் வைத்தாள்.

நான் அங்கேயே நின்றேன்.

"அம்மா, அன்னிக்கு இன்ஸ்பெக்டர் கேட்டப்போ..."

"ஃப்ரிட்ஜைப் பார்த்தே."

"நாள்காட்டியை" என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. "ஆமா" என்றேன். "உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு எப்படித் தெரியும்? முதல்ல நான் உன்னைப் பார்க்கவே இல்ல. அந்தம்மா கேட்டதும் நானும் அங்கதான் பார்த்தேன். அப்புறம்தான் உன்னைப் பார்த்தேன். நீயும் அதையே பார்த்துட்டு நின்னே."

சொல்லிவிட்டுக் குனிந்து கீழ்த்தட்டைத் துடைக்க ஆரம்பித்தாள். அந்த மூலையில் இன்னும் லேசாகச் சந்தன வாசனை வந்தது.

"சும்மா நிக்காதே. கொடியில அந்தப் பழைய துண்டு கிடக்கும் பாரு, எடுத்துட்டு வா."

எடுத்து வந்து, அவளிடம் கொடுக்காமல், நானே தரையைத் துடைத்தேன்.